நூறாவது கிலோமீட்டர்

அன்புள்ள அப்பாவுக்கு, மகளின் வணக்கம். அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா?

ஞாயிறன்று ஜீப்பில் நான், உங்கள் மாப்பிள்ளை, உங்கள் சின்னப் பேத்தி மூவரும் மலைமேல் அவர் வேலை செய்யும் இடத்துக்குக் கிளம்பினோம். சரிவில் வண்டி சாயாதிருக்க, சக்கரங்களை வெளியே தள்ளி நிறுத்தும் ஸ்பேசர் வளையங்களைப் புதிதாக மாட்டியிருக்கிறார். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கச் சொன்னார் மெக்கானிக். நான் நோட்டில் குறித்து வைத்தேன். அடிவாரத்திலேயே நூறு ஆகிவிட்டது.

"வண்டிய நிறுத்துங்க."

"திரும்பி வந்து பாத்துக்கலாம், தாயே!"

"சாமி காப்பாத்தும். நட்டை நாமதான் இறுக்கணும்."

முணுமுணுத்தபடி இறங்கினார். பின்சக்கரத்தில் மூன்று நட்டுகள் கையாலேயே சுழன்றன. மனுஷன் தானாகவே ஸ்பேனரை எடுத்தார். எல்லாவற்றையும் இறுக்கிவிட்டே ஏறினோம். கவலைப்படாதீர்கள்.

லாரி ஓட்டியவர் நீங்கள். எந்த நட்டுக்குப் பின் எதை இறுக்குவதென்று ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். போனில் சொல்ல வேண்டாம், உங்கள் கையெழுத்தைப் பார்த்து நாளாகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.