பொம்மைத் தூசி

பானு,

போன எடுக்க மாட்டேங்குற, அதான் எழுதுறேன். என் சட்டையில வர்ற பொம்மைத் தூசிதான் பாப்பாவுக்கு இழுப்பைக் கிளப்புதுன்னு டாக்டர் சொன்னதும் நீ பாப்பாவக் கூட்டிக்கிட்டு பெண்ணாடம் அம்மா வூட்டுக்குப் போனது சரிதான்.

இப்ப கம்பெனியில காஞ்ச மண் பொம்மையத் தேய்க்கும்போது மாஸ்க் போடுறேன். பொம்மை மூஞ்சியில ஒட்டுன தூள வாயால ஊதுறதில்ல, ஈர ஸ்பாஞ்சுதான். கூட இருக்கறவங்க கிண்டல் பண்றாங்க, பண்ணட்டும். வேலைச் சட்டையக் கம்பெனியிலயே கழட்டிப் போட்டு, குளிச்சிட்டுத்தான் வூட்டுக்கு வரேன்.

பெருக்குனா தூசி பறக்குது. வூடு முழுக்க ஈரத்துணியால துடைச்சிட்டேன்.

பீரோ கண்ணாடி மட்டும் பாக்கி. அந்தத் தூசியில பாப்பா விரலால எழுதுன ‘அ’ இருக்குது. எந்த பஸ்ஸுல வரீங்கன்னு சொல்லு. அதுக்கு முந்தி துடைச்சிடுறேன்.

பாப்பாவோட அப்பா