பின் அச்சில் ஏழாயிரத்து எண்ணூறு பவுண்டு

நார்த் ஃபோர்க், ஐடஹோ
ஜூன் 3

அன்பு மகள் ஹெய்டிக்கு அம்மா எழுதுவது,

நீயும் உன் வயிற்றில் இருக்கும் சின்ன உயிரும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் காலையில் கண் விழித்ததும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே என் முட்டி வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை. உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, எனக்குத்தான் அவரால் ஏறிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை நீ அலாஸ்காவில் அந்த ஹெய்ன்ஸ் கடைத்தெருவிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம் உன்னிடம் ஒரு விஷயத்தை மறைத்துக்கொண்டே வந்தேன். மறைக்கவேண்டும் என்றில்லை, நான் பேசும்போது இந்த மனிதர் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், இந்தா நீயே பேசு என்று போனை நீட்டினால் காப்பி பொங்குகிறது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார், அடுப்பில் காப்பியே இருக்காது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், பொறுமையாகப் படி, படிக்கும்போது கோபம் வந்தால் எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படி.

பிப்ரவரியில் நீ குழந்தை விஷயத்தைச் சொன்ன அன்று, அதற்கு அப்பனான அந்தப் படகுக்காரன் திரும்பி வரமாட்டான் என்று சொன்ன அன்று, உன் அப்பா என்ன பேசினார் என்று எனக்கும் தெரியும் உனக்கும் தெரியும், அதை மறுபடி எழுதிக் கையைக் கறுப்பாக்கிக்கொள்ள மாட்டேன். போனை டக்கென்று வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போனவர் சாப்பாட்டுக்குத்தான் வந்தார். அப்புறம் ஒரு வாரம் கழித்து நீ என்னிடம் சொன்னாயே, அம்மா இங்கே ஒற்றை அறைதான், வந்தாலும் படுக்க இடமில்லை என்று, அதை ஒட்டுக்கேட்டிருக்கிறார். கேட்டவர் என்ன செய்வார், மன்னித்துக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்வார், அல்லது ஒரு தபால் போடுவார். உன் அப்பா மார்ச் பத்தாம் தேதி ஒரு வீட்டை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். பிக்கப் வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போகிற கேம்பர், கட்டில், அடுப்பு, குளிக்கிற அறை, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது. எதுக்கு இது என்று கேட்டேன். "அவ வீட்ல இடமில்லேல்ல, நாம இடத்தைக் கொண்டு போறோம்" என்றார். உன்னிடம் கேட்டாரா என்றால் இல்லை. உன்னிடம் ஒரு வார்த்தை பேச வாய் வரவில்லை, அலாஸ்கா வரைக்கும் வண்டி ஓட்டக் கை வருகிறது, இதை நான் எந்தக் கோயிலில் போய்ச் சொல்ல.

ஏற்றியதும் நம்ம வண்டி பின்னால் குந்திவிட்டது. முன் விளக்கு மரத்து உச்சியைப் பார்க்கிறது, ஸ்டியரிங் கையில் நிற்காமல் லேசாக ஆடுகிறது, எதிரில் ஒரு லாரி விர்ரென்று போனால் ஏரியில் படகு ஆடுகிற மாதிரி மொத்த வண்டியும் இப்படியும் அப்படியும் போய் வருகிறது. உன் அப்பா இருபத்தாறு வருஷம் மாநில எடைச் சாவடியில் உட்கார்ந்து மரம் ஏற்றி வந்தவன், மாடு ஏற்றி வந்தவன் ஒருத்தனையும் விடாமல் எடை மேடையில் ஏற்றி இறக்கி, ஐம்பது பவுண்டு கூடினாலும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அபராதச் சீட்டு எழுதின ஆள். கதவு ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறதே, ஆளும் சாமானும் சேர்ந்து மூவாயிரம் பவுண்டுக்கு மேல் கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, கொண்டுபோய் ஒரு தடவை எடை போடுங்கள் என்றேன். "ஸ்பிரிங்கு தளர்ந்திருக்கு, அவ்ளோதான். எடையப் பத்தி எனக்கே பாடமா?" என்று என் மேலேயே பாய்ந்தார்.

ஆற்றோரம் பட்டறை வைத்திருக்கிறாளே ரோண்டா, உன்னோடு பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடினவள், அவளிடம் கொண்டுபோனார். முதலில் பின் அச்சுக்கு மேலே இரண்டு பக்கமும் காற்றுப்பை வைத்தாள், காற்றடித்தால் வண்டி நிமிர்ந்து நின்றது. நிமிர்ந்ததே தவிர ஆட்டம் போகவில்லை. மறுபடி போய் ஆட்டத்தைப் பிடித்து நிறுத்துகிற கனமான கம்பி ஒன்றைக் கீழே குறுக்காகப் போட்டார்கள். அப்புறம் ஷாக் அப்சர்பர் நான்கையும் மாற்றினார்கள். அதுவும் போதாதென்று பின் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக வளைந்திருக்குமே கமான் பட்டை, அதில் பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தாயிற்று. கேம்பரை இறக்கிவைத்துவிட்டு மாதா கோயிலுக்கு அந்த வண்டியில் போனால் கட்டை வண்டி தோற்றது போ, என் பல்லெல்லாம் கடகடக்கிறது, பாதிரியார் வீட்டுக்குக் கொண்டுபோன முட்டையில் ஏழு உடைந்து என் பாவாடையெல்லாம் மஞ்சள். ரோண்டா நல்ல பெண், மறைக்காமல் சொன்னாள். "பெரியவரே, வண்டி நேரா நிக்கும், நேரா ஓடும். ஆனா எவ்ளோ சுமக்கலாம்ங்கற கணக்க நான் மாத்தல. அச்சு அதேதான், டயரு அதேதான், பிரேக்கு அதேதான். மொதல்ல போய் எடை போட்டுட்டு வாங்க, நான் கும்பிட்டுக் கேக்கறேன்" என்றாள். இவர் சாவியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுக்கெடுத்தாலும் பயம்" என்றார். அவளுக்கு முப்பத்தைந்து வயசாகிறது, மூன்று ஆட்களை வேலைக்கு வைத்திருக்கிறாள், அவள் பிள்ளையாம்.

இதில் என் பங்கும் இருக்கிறது, மறைக்கக்கூடாது. சின்ன கேம்பர் ஒன்றைத்தான் அவர் முதலில் பார்த்துவைத்திருந்தார், காட்டுக்குள் குந்துவதற்கு என் முட்டி இடம் கொடுக்காது, கதவு போட்ட கக்கூஸ் இல்லாமல் நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது நான்தான். பிறகு அவருக்குத் தெரியாமல் கட்டிலுக்கு அடியில் ஐம்பத்தாறு பாட்டில் ஆப்ரிகாட் பாகு, மாவு ஒரு மூட்டை, தையல் மிஷின் எல்லாம் வைத்தேன், குழந்தைக்குச் சட்டை தைக்க உன்னிடம் என்ன இருக்கப்போகிறது. அவர் எனக்குத் தெரியாமல் ஒரு இரும்புக் கணப்பு அடுப்பை ஏற்றியிருக்கிறார், உன் வீட்டு அடுப்பு புகைகிறது என்று நீ சொன்னதும் காதில் விழுந்திருக்கிறது, இருநூற்று எண்பது பவுண்டு.

மே இருபதாம் தேதி வெள்ளோட்டம் என்று லாஸ்ட் டிரெயில் கணவாய் ஏறி மொன்டானா பக்கம் போய் ஒருநாள் தங்கினோம். போகும்போது ஒரு குறையும் இல்லை, வண்டி கல் மாதிரி நின்றது, உன் அப்பா சீட்டியடித்துக்கொண்டு ஓட்டினார், பார்த்தியா பார்த்தியா என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த நிமிர்ந்த நடைதான் எங்களை ஏமாற்றியது. மறுநாள் பகல் பதினொரு மணி இருக்கும், நம் பக்கம் இறங்கும்போது பிரேக் கருகுகிற வாடை வந்தது. கியரைக் குறைத்தார், குறைத்தும் வண்டி தள்ளிக்கொண்டு இறங்குகிறது. ஓடைக்கு மேலே வளைவு வருகிறதே, அங்கே என் பக்கத்துப் பின் டயர் வெடித்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம் ஹெய்டி, கேம்பர் என் பக்கமாகச் சாய்கிறது, ஜன்னலில் ரோடு தெரியவில்லை, கீழே தண்ணீர் தெரிகிறது. அந்த மனிதரை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுவேன், ஸ்டியரிங்கை அவர் விடவில்லை என்பதையும் சொல்வேன். கையைத் திருப்பாமல் நேராகப் பிடித்துப் பிடித்து, சரளைக்கல் கொட்டிய ஒதுக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். நின்ற இடத்துக்கும் விளிம்புக்கும் நான் கைப்பையோடு நிற்கிற அளவு இடம்தான் இருந்தது.

இறங்கி நின்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், முப்பத்தெட்டு வருஷத்தில் சேர்த்துவைத்ததையும் சேர்த்து. அவர் டயர் பக்கத்தில் குந்தி நட்டுக் கழற்றுகிற ஸ்பேனரை எடுத்தார், அது மூன்று தடவை கீழே விழுந்தது. அப்புறம் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். "நோரீன், பச்சக்குழந்தைய இதுல ஏத்திக்கிட்டு ஊருக்கு வரலாம்னு நெனச்சேனே. அவளையும் புள்ளையையும் இதே எறக்கத்துல" என்றார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை, அன்றைக்கும் அழுதார் என்று எழுதமாட்டேன், ஆனால் நான் திட்டுவதை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன், எழுந்திருக்க முடியாமல் அப்புறம் அவர்தான் தூக்கிவிட்டார்.

பிரேக் ஆறக் காத்திருந்து, மாற்று டயர் போட்டுக்கொண்டு, ஊர்ந்து ஊர்ந்து நேரே எடைச் சாவடிக்குத்தான் விட்டார். அவரிடம் வேலை பழகின ட்ரூடிதான் இப்போது அங்கே பொறுப்பில் இருக்கிறாள். மேடையில் ஏற்றினாள். முன் அச்சில் நாலாயிரம், பின் அச்சில் ஏழாயிரத்து எண்ணூறு. பின் அச்சு தாங்குவது ஆறாயிரத்து இருநூறு. ட்ரூடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். "எனக்கு ஒரு சீட்டு எழுதும்மா" என்றார் உன் அப்பா. "சொந்த உபயோக வண்டி, எழுத எனக்கு அதிகாரம் இல்ல சார்" என்றாள். அப்போ ஓட்டிக்கிட்டுப் போகலாமா என்று கேட்டார். "நான் தடுக்க முடியாது சார். ஆனா நீங்க இந்த நாக்காலில உக்காந்திருந்தா என்ன சொல்லிருப்பீங்க?" என்றாள். உன் அப்பா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, கேம்பரை அதன் நாலு ஜாக்கிக் காலிலும் நிறுத்தி அங்கேயே இறக்கிவைத்துவிட்டு, வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்தார். பல்லு கடகடக்க வந்தோம்.

மூன்றாம் நாள் அந்த வண்டியை, தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாரே அதையே, ஐடஹோ ஃபால்ஸில் கொடுத்துவிட்டு, பின்னால் பக்கத்துக்கு இரட்டைச் சக்கரம் வைத்த கிழட்டு வண்டி ஒன்றை மாற்றிக்கொண்டு வந்தார். வாந்தி நிறத்தில் இருக்கிறது. ரோண்டா அடியில் படுத்துப் பார்த்து பிரேக்கும் டயரும் மாற்றினாள், ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கேம்பரிலிருந்து அடுப்பையும் என் பாட்டில்களையும் இறக்கினோம், இறக்கும்போது யார் சாமான் அதிகம் என்று ஒரு சண்டை. நேற்று ட்ரூடியிடம் போய் எடை போட்டோம். வண்டிக்கு அனுமதித்த எடைக்கு அறுநூறு பவுண்டு குறைவாகவே இருக்கிறது, இரண்டு அச்சும் சரி. உடனே உன் அப்பா அடுப்பை மறுபடி ஏற்றலாம் என்கிறார், நான் பாட்டிலை ஏற்றலாம் என்கிறேன். இது இன்னும் முடியவில்லை.

ஆனால் வெளியே வந்து கதவைத் திறந்தவர் ஏறாமல் நின்றார். அவ நம்பரைக் குடு என்றார். போட்டுக் கொடுத்தேன், நீ வேலையில், ஓடையில் மீன் எண்ணிக்கொண்டிருக்கிற நேரம், லைன் கிடைக்கவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நீ இன்னிக்கு எழுதுவேல்ல, நான் சொல்றத ஒரு எழுத்து மாத்தாம எழுது என்று சொன்னார். எழுதுகிறேன். "ஹெய்டி, அன்னிக்கு நான் பேசினது தப்பு. உன்னக் கேக்காமலே கிளம்பினேன், அதுவும் தப்பு. நீ வான்னு சொன்னாத்தான் வண்டிய எடுப்பேன்." அவ்வளவுதான். இதைச் சொல்ல மூன்று மாதமும் இரண்டு வண்டியும் ஆகியிருக்கிறது.

நீ என் முகத்துக்காக ஒன்றும் செய்யவேண்டாம். உன் மனசுக்குப் பட்டதைச் செய், படவில்லை என்றால் அதையும் சொல். இரும்புச்சத்து மாத்திரையைப் பாலோடு விழுங்காதே, தனியாக விழுங்கு. வலையைத் தூக்காதே, வேறு யாரையாவது தூக்கச் சொல். கரடி நடமாட்டம் இருக்கும்போது குப்பையை வாசலில் வைக்காதே. பிரசவத் தேதிக்கு மூன்று வாரம் முன்னாலேயே படகேறி ஜூனோ ஆஸ்பத்திரிப் பக்கம் போய் இருந்துவிடு, கடைசி நேரத்தில் காற்றடித்தால் படகு விடமாட்டார்கள். கர்த்தர் உன்னையும் உன் பிள்ளையையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும், உன் தூக்கம் நல்ல தூக்கமாக இருக்கட்டும்.

சனிக்கிழமை போன் பண்ணும்போது மறக்காமல் பதில் சொல். வா என்றால் ஜூலை பத்தாம் தேதி கிளம்புகிறோம். வேண்டாம் என்றால் நான் மட்டும் விமானத்தில் வருகிறேன், அவர் வாசலில் கேம்பரைப் போட்டுக்கொண்டு அதிலேயே குடியிருக்கட்டும், கதவு போட்ட கக்கூஸ் இருக்கிறது. எது ஆனாலும் இந்த முறை போனை எடுக்கப்போவது நான் இல்லை.

அன்புடன்,
உன் அம்மா,
நோரீன்