ஒரு மூச்சில் படித்த மூன்று பக்கங்கள்

பிப்ரவரி 4

எழுத்தாளர் அம்மாவுக்கு வணக்கம்.

நான்தான் சாய ஆலைக்காரன். இரண்டு வருடம் முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து, பேச்சைப் பிடிக்கிற கருவியை வைத்துவிட்டு, இரண்டு நாள் கேள்வி கேட்டீர்களே, அந்த ஆள். அன்றைக்கு என் பெயரைக்கூட எழுதத் தெரியாது. இன்றைக்கு இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். எழுபத்தொரு வயதில்! ஒரு வரிக்கு ஒரு முறை விரல் வலிக்கிறது. நிறுத்தத்தான் மனமில்லை. நூலகத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. டீச்சருக்கு என் மருமகள் வயது. "ஐயா, கொம்பு போடச் சொன்னா முட்ட வர்ற மாதிரி போடறீங்களே" என்று சிரிக்கிறார்.

எழுத்துக் கற்றதே உங்கள் புத்தகத்துக்காகத்தான். மருமகள் படித்துக் காட்டுகிறேன் என்றாள். "வேண்டாம்மா, என் கதையை நானே படிச்சுக்கறேன்" என்று வீம்பாகப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டேன். இப்போது தினம் ஒரு பக்கம். இன்று இருபத்து மூன்று. கொதிகலன் அறையை அப்படியே எழுதியிருக்கிறீர்கள். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொண்ட என் அண்ணன் சட்டை மாட்டுகிற ஆணியைக்கூட விடவில்லை.

போன வாரம் வானொலியில் உங்களைப் பேட்டி எடுத்தார்கள். நீதி கிடைக்காதவர்கள் எப்படித் தாங்கினார்கள் என்று கேட்டதற்கு, "ஒருத்தர் தான் சொன்ன சாட்சியைப் பத்தித் துளிகூட வருத்தமில்லாம வாழ்ந்திருக்கார், அதுவும் ஒரு மன உறுதிதான்" என்றீர்கள். என்னைத்தானே? மருமகளைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

இன்னொரு செய்தி. கடையில் ஒரு புத்தகம் வாங்கி அண்ணி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். கொதிகலன் வெடித்து ஏழு பேர் செத்து, அண்ணன் சிறைக்குப் போன நாளிலிருந்து, இருபத்தொன்பது வருடமாக அண்ணி என்னோடு பேசுவதில்லை. அவர் உள்ளே போனார், நான் வெளியே இருந்தேன் என்ற கோபம்தான் போலிருக்கிறது. முதல் பக்கத்தில் என் கையால் எழுதினேன்: "அண்ணனுக்காக நான் சொன்னது இதில் இருக்கிறது. படித்துப் பாருங்கள் அண்ணி. உங்கள் கொழுந்தன்." படித்தால் ஒரு வார்த்தையாவது பேசமாட்டாரா?

உங்கள்
சாய ஆலைக்காரன்

பிப்ரவரி 11

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உங்கள் கையெழுத்தைப் பார்த்து வந்த சந்தோஷம், அண்ணியைப் பற்றி எழுதியிருந்த இடத்தில் நின்றுவிட்டது.

ஒரு வேண்டுகோள். தயவுசெய்து நூறாம் பக்கத்துக்கு மேல் இப்போது படிக்காதீர்கள். முடிந்தால் அண்ணியிடமிருந்து புத்தகத்தைத் திரும்ப வாங்கிவிடுங்கள். அடுத்த மாத நடுவில் நான் நேரில் வருகிறேன். உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்றை நான் சரியாகக் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று பயமாக இருக்கிறது.

அன்புடன்
புத்தகத்தை எழுதியவள்

பிப்ரவரி 16

அம்மாவுக்கு,

படிக்காதே என்றால் புதிதாகப் படிக்கக் கற்றவன் சும்மா இருப்பானா? நூறிலிருந்து இரவும் பகலுமாகப் படித்தேன். நூற்றுப் பதினெட்டாம் பக்கம் வந்தது.

அதில் இருக்கிற வாக்குமூலத்தின் கடைசி வரிகளைப் பார்த்து எழுதுகிறேன். "என் அண்ணன் அன்று குடித்துவிட்டு வேலைக்கு வந்தார். வால்வை மூடிவிட்டு உறங்கிவிட்டார். இதை நான் கண்ணால் கண்டேன்." அடியில் என் கைரேகை. படமாகவே போட்டிருக்கிறீர்கள்.

நான் இதைச் சொல்லவில்லை அம்மா. ஆலை ஆபீசில், போலீஸ்காரர் முன்னால் நான் சொன்னது வேறு. "வால்வு பிடிச்சுக்கிச்சுன்னு அண்ணன் மூணு நாளா சூப்பர்வைசர்கிட்ட சொன்னாருங்க. இன்னைக்கும் சொன்னாருங்க." இதைத்தான் சொன்னேன். அண்ணனுக்குச் சாராய வாடை பட்டாலே தலைவலி வரும். கோர்ட்டுக்கு நீ வர வேண்டாம், இதுவே போதும் என்றார்கள். அண்ணனைக் காப்பாற்றிவிட்டோம் என்று வீட்டுக்கு வந்து நன்றாகச் சாப்பிட்டேன். அப்புறமும் அண்ணனுக்குச் சிறை என்றதும், என் சொல் கோர்ட்டில் எடுபடவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த பக்கத்தில் நீங்கள் கேட்டதும் நான் சொன்னதும் இருக்கிறது. வாக்குமூலம் கொடுத்ததில் வருத்தம் உண்டா என்றீர்கள். "எனக்கென்ன வருத்தம், நடந்ததைத்தானே சொன்னேன்" என்றேன்.

ஆறு முறை சிறைக்குப் போனேன். ஆறு முறையும் காவலர் வந்து, "உன்னைப் பார்க்க மாட்டாராம்" என்றார். நாலாம் வருடம் அண்ணன் அங்கேயே இறந்துபோனார். உடம்பு மெலிந்ததை நான் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறாராக்கும் என்றிருந்தேன்.

சாய ஆலைக்காரன்

பிப்ரவரி 21

ஐயா,

என்னை மன்னியுங்கள் என்று கேட்கக்கூட வாய் வரவில்லை. நீதிமன்றக் கோப்பில் அந்தக் காகிதத்தைப் பார்த்தவுடன், அதைச் சொன்னவர் நீங்கள் என்று நம்பிவிட்டேன். இரண்டு நாள் உங்கள் எதிரில் உட்கார்ந்தும், அதை எடுத்து வைத்து "இதையா சொன்னீங்க?" என்று கேட்கவில்லை.

வைத்த ரேகை எதற்கென்று உங்களுக்குத் தெரியாது என்று அடுத்த பதிப்பில் எழுதுகிறேன். வானொலியிலும் சொல்கிறேன். அன்று உங்களுக்குப் படித்துக் காட்டினார்களா? அதை மட்டும் சொல்லுங்கள்.

புத்தகத்தை எழுதியவள்

பிப்ரவரி 27

அம்மாவுக்கு,

படித்துக் காட்டினார்கள். ஆலைக் குமாஸ்தா மூன்று பக்கம் எழுதினார். பிறகு நான் சொன்னபடியே படித்தார். ஆனால் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். மூன்று பக்கம் எப்படி ஒரு மூச்சில் முடியும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. கேட்கவில்லை. சுற்றி எட்டுப் பேர் நின்றார்கள். எழுத்துத் தெரியாதவன் எழுத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார்களே என்று வெட்கம். எனக்குத் தெரியாது என்று மட்டும் எழுதாதீர்கள். அது பாதிதான். வெட்கப்பட்டதையும் எழுதுங்கள்.

அண்ணி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு இருபத்தொன்பது வருடம் கழித்து முதல்முறையாகப் பேசினார்.

"கோர்ட்டுல வக்கீல் அதைப் படிச்சப்பவே நாங்க கேட்டாச்சு. சாகற வரைக்கும் உங்க அண்ணன் என்னை ஒண்ணுதான் கேட்டாரு. 'தம்பி ஏன் அப்படிச் சொன்னான்? நான் அவனுக்கு என்ன குறை வெச்சேன்?' ஒவ்வொரு தடவை பார்க்கப் போறப்பவும் இதே கேள்வி. எனக்குப் பதில் தெரியல. இப்ப வந்து சொல்றே. நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

கதவை மெல்லத்தான் சாத்தினார்.

அடுத்த மாதம் நீங்கள் வர வேண்டாம். கோபமில்லை. வந்தால் கேட்பீர்கள், நானும் பதில் சொல்வேன். இனி என்னால் முடியாது. கடிதமும் வேண்டாம்.

வகுப்பை நிறுத்தவில்லை. நேற்று டீச்சர், யாருக்காவது ஒரு கடிதம் எழுதுங்கள் என்றார். எல்லோரும் தலை குனிந்து எழுதினார்கள். நான் "அன்புள்ள அண்ணனுக்கு" என்று எழுதிவிட்டு, வகுப்பு முடிகிற வரை அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சாய ஆலைக்காரன்