நண்டுக் குழம்பு கேட்ட நோயாளிக்கு

இன்று காலை மருமகள் நண்டுக் குழம்பு கொதிக்கவிட்டாள். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. குழம்பு வைத்தவள் ஒரு வாய்கூடத் தொடவில்லை. பத்து நாளாக வயிறு வலிக்கிறதாம். "சும்மா சொல்றாப்பா" என்றான் நம் பையன்.

நானும் அப்படிச் சொன்னவன்தானே? எண்பதுகளில், பித்தப்பையைக் கல்லோடு எடுத்த பிறகும் வலது விலாவுக்குக் கீழே உனக்கு வலி நிற்கவில்லை. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் சுருண்டு படுத்துவிடுவாய். "கல்லுதான் போச்சே, இன்னும் இன்னா வலி?" என்பேன். வேலைக்குக் கள்ளம் பண்ணுகிறாள் என்று குப்பத்தில் பேசினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

மெட்ராஸில் ஒரு டாக்டர்தான் உன்னை உட்காரவைத்து முழுசாகக் கேட்டார். பித்தக் குழாய் குடலில் சேரும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு, அது இறுகியிருக்கலாம் என்றார்.

"நம்ம ஏரி முகத்துவாரத்த மண்ணு மூடிக்குமே, அப்டியா டாக்டரே?" என்று கேட்டாய் நீ.

அவர் சிரித்துவிட்டார். வாய்வழியாகக் குழாய் விட்டு அந்த வளையத்தை வெட்டிவிடலாம். ஆனால் அதில் கணையம் வீங்கினால் உயிருக்கே ஆபத்து. வெறும் சந்தேகத்துக்காக வெட்ட மாட்டேன், வலிக்கும் நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்.

ஆஸ்பத்திரி ரொட்டிக்கும் பாலுக்கும் நான்கு நாள் வலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றுவிட்டார்கள். "யோவ், ஊருக்குப் போயி நண்டுக் குழம்பு எடுத்துட்டு வா" என்றாய். என் தங்கச்சி வைத்துக் கொடுத்ததைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பழவேற்காட்டிலிருந்து பஸ் ஏறினேன். வழியெல்லாம் ஆளாளுக்கு மூக்கை உறிஞ்சினார்கள்.

"வலிக்கும்னு தெரிஞ்சே துன்றியாடி?"

"தெரிஞ்சுதான் துன்றேன். உனக்கும் தெரியட்டும்."

வலி வந்தது. உனக்கு வேர்த்து ஊற்றியது. என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டு, "இப்ப எடும்மா ரத்தத்த" என்று நர்ஸைக் கூப்பிட்டாய். ரத்தத்தில் கல்லீரல் அளவுகள் ஏறியிருந்தன; பித்தம் தடைபடுவதற்கு அது அடையாளமாம். இன்னொரு தடவையும் பார்த்துவிடலாம் என்றார் டாக்டர். மறுபடியும் தூக்கு, மறுபடியும் பஸ், மறுபடியும் அந்த நகம். உன்னைப் போல ஒரு தைரியசாலியை நான் கடலில்கூடக் கண்டதில்லை.

வளையத்தை வெட்டினார்கள். கணையத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதன்பின், போன வருஷம் கண்மூடும்வரை நண்டை விட்டுவைத்தாயா நீ!

"வலி எங்கேப்பா? பாத்தா நல்லாத்தான கீறா" என்று பையன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான்.

"அவ சொல்றா இல்ல? அது போதும். சட்டைய மாட்டுடா, ஆஸ்பத்திரிக்குப் போற பஸ்ஸு போயிடும்" என்றேன்.