ஆலையை மூடச் சொன்னது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை மகனோடு பாடாங் மேஹா பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கார்க் கண்ணாடி ஏற்றியிருந்தும் அந்த நாற்றம் எப்படியோ உள்ளே வந்துவிட்டது. புளித்த எண்ணெயும் சாக்கடையும் கலந்த நாற்றம். எண்ணெய் பிழியும் செம்பனை ஆலைக்குப் பின்னால் இருக்கும் கழிவுக் குளத்திலிருந்து வருவது. மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நீ கண்மூடி இத்தனை வருஷமாகியும் எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வானொலியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பூமியைச் சூடாக்கும் வாயுக்களுக்கு வரம்பு வைக்கப் போகிறார்களாம். நாம் வெறும் நாற்றம் என்று நினைத்த அந்தக் குளத்துக் குமிழிகளும் அதில் சேர்த்தியாம். ஆலை முதலாளிகள் சார்பில் ஒருவர் பேசினார். அவகாசம் வேண்டும், அவசரப்பட்டால் தொழிலாளர்கள்தான் பாதிக்கப்படுவார்கள் என்றார். குரல் மட்டும்தான் புதிது. நீ பக்கத்தில் இருந்திருந்தால் வானொலியோடு சண்டைக்குப் போயிருப்பாய்.

எண்பதுகளின் நடுவில் நீ நம் செம்பனைத் தோட்டத்து ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வெளிக்காட்டில் உதிரிப் பழம் பொறுக்கப் போகும்போது என் சின்னவனை உன்னிடம்தான் விட்டுப் போவேன். ஆலையில் புகை தள்ளும் நாட்களில் தொட்டில் துணியெல்லாம் கரி படிந்துவிடும். ஒரு பிள்ளை இருமத் தொடங்கினால் வரிசையாக எல்லாம் இருமும். ஜன்னலில் ஈரச் சாரோங்கைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்தாய். மேனேஜரிடம் போய்ச் சொன்னாய். "காத்து மாறினா சரியாப் போயிரும்லா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அப்போதுதான் ஆலைப் புகைக்கும் கழிவுக்கும் கடுமையான வரம்பு வரப்போவதாகவும், அதைப் பற்றி அலோர் ஸ்டார் பட்டணத்தில் கூட்டம் நடப்பதாகவும் கேள்விப்பட்டோம். யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமாம். முதலாளிகள் சங்கம் அதற்கு முன்பே தயாராகிவிட்டது. ஆலைத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு போக பஸ் வந்தது. சாப்பாட்டுப் பொட்டலமும் உண்டு, அன்றைய சம்பளமும் உண்டு. மலாய் நன்றாகப் பேசுவார் என்பதால், ஆலையில் பாய்லர் பார்த்துக்கொண்டிருந்த உன் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லியிருந்தார்கள்.

நீ என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அதே பஸ்ஸில் ஏறினாய். ஆட்கணக்கு எழுதும் கிராணி தடுத்தார்.

"பொம்பளைங்க எதுக்கு?"

"ஆலைக்காரங்களுக்கு ஆதரவா ஆள் வேணும்னீங்களே. நாங்களும் ஆலைக்காரங்க வீட்டு ஆளுங்கதான்" என்றாய்.

அவர் வழியை விட்டார். உன் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கூட்டத்தில் முதலாளிகள் சங்கத்து ஆள் ஒருவர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து ஆங்கிலத்தில் நெடுநேரம் பேசினார். இப்படி வரம்பு வைத்தால் ஆலைகளை மூட வேண்டியதுதான் என்பது மட்டும் நமக்குப் புரிந்தது. அடுத்து உன் வீட்டுக்காரர் எழுந்தார். ஆலை மூடினால் எங்கள் அடுப்பு எரியாது என்று மலாயில் சொன்னார். சொல்லும்போது கால்மாற்றி நின்றார். பின்வரிசையில் நம் ஆட்கள் கைதட்டினார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வேறு வேலைக்கு எங்கே போவார்கள்?

நீ எழுந்து நின்றாய். உன் மலாய் பாசாரில் மீன் வாங்கப் பழகிய மலாய். அதை வைத்துக்கொண்டே பேசினாய். "இப்ப பேசுனவரு என் புருஷன். வேல போயிருமோன்னு அவருக்கு பயம். எனக்கும் பயந்தான். ஆனா ஆலைய மூடச் சொன்னது யாரு? நாங்க சொல்லல. கவர்மெண்டும் சொல்லல. புகையக் கொறைங்கன்னுதான் கேக்குறோம். மூடுவோம், மூடுவோம்னு சொல்றது அவங்க மட்டுந்தான்" என்று கழுத்துப்பட்டைக்காரரைக் காட்டினாய்.

கூட்டத்தை நடத்திய அரசாங்க அதிகாரி தலையாட்டிக் குறித்துக்கொண்டார். நாம் ஜெயித்துவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன். தேநீர் இடைவேளையில் அந்த அதிகாரியும் கழுத்துப்பட்டைக்காரரும் தோளோடு தோள் நின்று பலகாரம் தின்றபடி சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னவோ பழைய பள்ளிக்கூடக் கதையாம். நீ தேநீரைத் தொடாமல் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். "நம்மகிட்ட காதக் குடுத்தாங்க. அவங்ககிட்ட தோளக் குடுக்குறாங்க" என்றாய்.

திரும்பும் வழியில் உன் வீட்டுக்காரர் வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தார். "அவங்க எழுதிக் குடுத்ததச் சொன்னேன்" என்றார். "தெரியும்" என்றாய். இறங்கும்போது அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கிராணியிடம் திருப்பிக் கொடுத்ததைப் பார்த்தேன்.

புது வரம்பு தள்ளிவைக்கப்பட்டது. தொழில்துறையோடு மேலும் பேச வேண்டுமாம். மறுபடியும் தள்ளிவைத்தார்கள். ஆயாக் கொட்டகைக்கு வேறு ஆள் போட்டார்கள். காரணம் கேட்டதற்கு, நீ பிள்ளைகளைச் சரியாகப் பார்ப்பதில்லை என்று புகாராம். அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே நீ பேசினாய்? நீங்கள் குடும்பத்தோடு புக்கிட் செலம்பாவுக்குப் போய்விட்டீர்கள். அவர் ஒரு மோட்டார்சைக்கிள் பட்டறையில் சேர்ந்தார். அதற்குப் பிறகும் கூட்டம் என்று காதில் விழுந்தால் போதும், நீ பஸ் பிடித்து அலோர் ஸ்டார் போய்விடுவாய். கூடவே அவரும் வருவார். அவர் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு உன் மலாயைத் திருத்திச் சொல்வார் என்று கேள்விப்பட்டேன். ஆலை புகைந்துகொண்டுதான் இருந்தது.

சில வருஷங்களில் உனக்கு நெஞ்சு நோய் வந்தது. அதற்கு ஆலைதான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன். சொன்னால், ஆதாரம் எங்கே என்று கேட்க அவர்களிடம் ஆள் இருக்கிறது.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோது தலையணையை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தாய். கட்டிலுக்கு மேலே மாதா படம். ஊர்க்கதை பேச்சில் மறுபடியும் ஆலை வந்தது. நீ மூச்சு வாங்குவதைப் பார்க்கச் சகிக்காமல், "போதும் விடு. நாம தோத்துட்டோம். அவங்களுக்கும் அவங்க நியாயம் இருக்கும்" என்றேன். உன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொன்னேன்.

நீ என்னை முறைத்தாய். அவ்வளவு நோயிலும் அந்தக் கண்ணில் சூடு இருந்தது.

"தோத்தா தோத்துட்டுப் போறோம். அதுக்காக அவங்க செஞ்சத நியாயம்னு சொல்லாத."

என்னால் உன்னைப்போல் மண்டபத்தில் எழுந்து பேச முடிந்ததில்லை. பஸ் ஏறி ஊர் ஊராகப் போகவும் வரவில்லை. ஆனால் அவர்கள் செய்தது நியாயம்தான் என்று எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக எடுத்துச் சொல்லியும், அந்த ஒரு வார்த்தையை மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை.