போர்டின் கீழ் மூலை

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்னைக்கும் பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன். குடிக்க ஆள் இல்லை. ஒண்ணு மத்தியானமே திரிஞ்சு போச்சு.

என் மக பூங்குழலி போய் ஒரு மாசம் ஆகப்போகுது. டெங்குன்னாங்க. முன்னறையில் அவ பாடம் நடத்தின வெள்ளை போர்டு அப்படியே நிக்குது, எழுத்தும் அப்படியே. பெரிய கம்பெனிங்க வருசா வருசம் போடுற கணக்கை எப்படிப் படிக்கிறதுன்னு, வேலைக்குப் போறவங்களுக்கு ஞாயித்துக்கிழமை சொல்லிக் கொடுப்பா. எல்லாம் இங்கிலீசும் எண்ணும். அஞ்சாவதோட நின்ன எனக்கு ஒண்ணும் புரியாது. கீழே வலது மூலையில் மட்டும் தமிழில் ஒரு வரி. எனக்கு எழுதினது. பாடத்துக்கு நடுவில் சத்தம் போட்டுக் கூப்பிட மாட்டா, வர்றவங்க டீக்கு என்ன வேணும்னு அங்கே எழுதிட்டு என்னைப் பார்ப்பா.

"அம்மா, அடுத்த ஞாயிறு பால் ரெண்டு."

ஆகஸ்ட் 13

சொந்த ஊர் கௌதள்ளியிலிருந்து தம்பி கெம்பையன் போன். "இன்னும் மைசூர்ல யாருக்காகக்கா உக்காந்திருக்கற? கெளம்பி வா." யாருக்கு? எனக்கும் தெரியலை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூங்குழலிகிட்டப் படிச்ச லிசாவும் சந்துருவும் வந்தாங்க. லிசா ஆஸ்பத்திரியில் நர்சுகளுக்கு மேலே இருக்கிறவ. சந்துரு ஹெப்பாலில் ஒரு ஃபேக்டரிக்குச் சாமான் வாங்கிப் போடுற வேலை. எந்தக் கம்பெனியை நம்பி வாங்கலாம், எது முங்கப்போகுதுன்னு கணக்கைப் பார்த்தே சொல்லணுமாம்.

"மேடம் பாதியில விட்டதை நாங்களே உக்காந்து படிச்சுக்கறோம்மா. இந்த ரூம் மட்டும் குடுங்க" என்றான்.

சரின்னேன். "அந்த போர்டுல மட்டும் யாரும் எழுதக் கூடாது." ஏன்னு அவங்க கேட்கலை. நானும் சொல்லலை. சொல்லியிருக்கணுமோ?

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அஞ்சாறு பேர். சுவத்தில் பேப்பர் ஒட்டி எழுதிக்கிட்டாங்க. அவங்க பேச்சு அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு.

"லாபம்னு போட்டிருக்கே சந்துரு, அப்புறம் ஏன் சம்பளம் குடுக்க முடியலையாம்?"

"லாபம் காகிதத்துல இருக்கு. கல்லாவுல இருக்கான்னு பாரு. கடைசிப் பக்கத்துலேர்ந்து படி, சின்ன எழுத்துலதான் விசயம் இருக்கும். மேடம் தலையில அடிச்சு அடிச்சு சொன்னாங்களே."

"அடிச்சது உன் தலையில. எங்களுக்கெல்லாம் புரிஞ்சுது."

சிரிச்சாங்க. நானும் அந்தப் பக்கம் திரும்பினேன், பால் பொங்கிருச்சு.

அப்புறம் சந்துரு, பூங்குழலி சொன்னதையே சொன்னான். பேலன்ஸ் ஷீட்ங்கறது ஒரு நாளோட போட்டோவாம். அன்னைக்கு எப்படி நின்னாங்கன்னு காட்டுமாம். மறுநாள் என்ன ஆச்சுன்னு அதுக்குத் தெரியாதாம்.

அந்த போர்டும் அப்படித்தான். ஜூலையில ஒரு ஞாயிறு. மறுநாள் காய்ச்சல் வந்தது அதுக்குத் தெரியாது. இன்னும் பால் கேட்டுக்கிட்டு நிக்குது.

செப்டம்பர் 14

அழுகை வர்றதில்லை. அதுதான் பயமா இருக்கு.

செப்டம்பர் 30, செவ்வாய்

எழுதக் கை வரலை. எழுதாம இருக்கவும் முடியலை.

நாளைக்கு ஆயுத பூஜை. தெருவெல்லாம் வண்டி கழுவுறாங்க. சாவு விழுந்த வீடு, நமக்கு இந்த வருசம் பண்டிகை இல்லை. பேங்கில் கையெழுத்துப் போடப் போகணும்னு சாவியை, படிக்க வந்திருந்த சந்துருகிட்டக் கொடுத்துட்டுப் போனேன். திரும்பி வந்தா வாசல் வரைக்கும் சந்தன வாசம்.

போர்டு வெள்ளை வெளேர்னு இருந்துச்சு. நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். மேலே செவ்வந்திச் சரம்.

"நோடிம்மா, பாருங்க, எப்படி மின்னுது! காஞ்சு போன மை, போகவே மாட்டேன்னுச்சு. ஸ்பிரிட் போட்டுத் தேச்சேன். உங்களுக்குப் பண்டிகை இல்லை, தெரியும். நீங்க எதையும் தொட வேண்டாம், நானே பண்ணிட்டேன். மேடத்தோட ஆயுதம் இதுதானே? அழுக்கோட பூஜைக்கு வெக்கலாமா?"

கீழ் மூலையைப் பார்த்தேன். அங்கேயும் ஒரு பொட்டு வெச்சிருந்தான்.

அவனை என்ன சொல்ல? அய்யோ, என்னத்தச் சொல்ல! எழுதக் கூடாதுன்னுதானே சொன்னேன். துடைக்காதேன்னு சொல்லலியே. அப்படியே தரையில் உக்காந்துட்டேன். அப்புறம்தான் அவன் முகம் மாறுச்சு. "என்னம்மா? நான் என்ன பண்ணிட்டேன்?"

அக்டோபர் 1

லிசா வந்தா. விசயத்தைச் சொன்னதும், "இருங்கம்மா, பாடம் முடிஞ்சதும் எல்லாரும் போர்டைப் போட்டோ எடுப்போம்" என்று ஆளாளுக்கு போன் போட்டா. படமா வந்து விழுந்துச்சு. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒண்ணொண்ணாப் பார்த்தேன்.

எல்லாத்திலும் கணக்கு இருக்கு. மூலை இல்லை. அவங்களுக்கு வேண்டியது கணக்குத்தானே.

ஒண்ணே ஒண்ணில் மூலை வரைக்கும் வந்திருந்தது. முன்னால உக்காந்தவன் தலை மறைக்குது. சந்துரு தலை.

லிசா போனைக் கவுத்து வெச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

அக்டோபர் 5, ஞாயிறு

மத்தவங்க வந்தாங்க. சந்துரு கேட்டுக்கு வெளியவே நின்னான். "உள்ள வா"ன்னு கூப்பிட வாய் திறந்தேன். பால் அடுப்புல இருக்குன்னு உள்ள போயிட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

நேத்து லிசா வீட்டுக்கு போர்டு போயிருச்சு. பாடம் இனி அங்கேதானாம். ஆட்டோவில் ஏத்த சந்துருதான் வந்தான். "மன்னிச்சிடுங்கம்மா"ன்னான். "பார்த்துத் தூக்கு, ஆணி கிழிச்சிரும்"னேன். அவ்வளவுதான் வந்துச்சு.

காலையில் பால் பூத்காரர் நான் கேட்காமலே ரெண்டு பாக்கெட் எடுத்து வெச்சாரு. ஒண்ணைத் திருப்பிக் கொடுத்தேன்.