மாரியம்மன் கோயிலுக்குப் போன எட்டுக் குதிரைகள்

நன்னிலம்
9.3.1987

கிண்டி பந்தய லாயத்தில் வேலை பார்க்கும் திரு. துரைராசு அவர்களுக்கு, அரசப்பன் எழுதிக்கொண்டது.

உங்கள் அக்கா தங்கம்மாளின் நச்சரிப்பு தாங்காமல் எழுதுகிறேன். நானாக எழுதவில்லை. கூலிப் போராட்டத்தில் ஊரே அறுவடைக்குப் போகாமல் நின்றபோது, பண்ணையார் லாயத்தில் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தவர் நீங்கள். அதற்கப்புறம் ஆட்சி மாறி, கூலி உயர்ந்து, எனக்கு மனைப்பட்டாவும் வந்துவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்கள் ரயிலடி ஸ்டாண்டில் எட்டு ஜட்கா வண்டி. வண்டிக்காரன் சிங்காரவேலு, சந்தையிலிருந்து புதிதாகப் பிடித்து வந்த குதிரை மூக்கு ஒழுகி இருமுகிறது. உடம்பு கொதிக்கிறது. என் குதிரை முத்து இதுவரை நன்றாக இருக்கிறான். அவனை நம்பித்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. சங்கத் தலைவன் என்பதால் எல்லோரும் என் வாயைப் பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமை எல்லாக் குதிரைகளையும் மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய் மஞ்சள்நீர் தெளிக்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறேன். மருந்து ஏதும் தெரிந்தால் எழுதவும்.

அரசப்பன்

கிண்டி
11.3.1987

அன்புள்ள மாமாவுக்கு, துரைராசு வணக்கம்.

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு என்னவோ ஏதோ என்று பதறிவிட்டேன். குதிரை விஷயம் என்று படித்ததும் மூச்சு வந்தது. கோயில் விஷயத்தைப் படித்ததும் மறுபடி நின்றுவிட்டது.

வேண்டாம் மாமா. ஆத்தாளைக் குறை சொல்லவில்லை. குதிரைகள் ஒன்றாக நிற்கக் கூடாது, அவ்வளவுதான். வடக்கே ஆரம்பித்து நாடெங்கும் பந்தயக் குதிரைகளைச் சாய்த்துவிட்ட காய்ச்சல் இது. ஒரு குதிரை இருமினால் பக்கத்தில் நிற்பதற்கும் வந்துவிடும். வாளி, கொள்ளுப் பை, துடைக்கிற துணி எதையும் மாற்றிப் புழங்காதீர்கள். இங்கே பந்தயத்தையே நிறுத்திவிட்டார்கள். குதிரைகளோடு எங்களையும் உள்ளே வைத்துப் பூட்டியாகிவிட்டது. தந்தி ஆபீசுக்குப் போக வழியில்லை. காவல்காரர் கையில் காலில் விழுந்து இதைக் கொடுத்தனுப்புகிறேன். வெள்ளிக்கு முன்னால் கிடைக்க வேண்டும்.

துரைராசு

நன்னிலம்
17.3.1987

துரைராசுவுக்கு,

உன் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது. அதற்கு முதல் நாளே எல்லாம் அமர்க்களமாக நடந்துவிட்டது. எட்டையும் ஒரே கயிற்றில் வரிசையாகக் கட்டினோம். பூசாரி ஒரே வேப்பிலைக் கொத்தை மஞ்சள்நீரில் முக்கி முக்கி மூஞ்சி மூஞ்சியாகத் தடவினார். நோயாளி ஆயிற்றே என்று சிங்காரவேலு குதிரைக்குத்தான் முதல் மரியாதை. மிச்சத் தீர்த்தத்தை எட்டும் ஒரே அண்டாவில் குடித்தன.

இன்றைக்கு ஆறு குதிரை இருமுகிறது. முத்துவுக்கும் வந்துவிட்டது. கொள்ளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொள்கிறான். எல்லாம் என் ஏற்பாடு. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள். முத்து பிழைப்பானா என்று மட்டும் எழுது.

அரசப்பன்

கிண்டி
20.3.1987

அன்புள்ள மாமாவுக்கு,

சிரிப்பு வரவில்லை. இத்தனை டாக்டர்கள் இருந்தும் எங்கள் லாயத்தில் ஒரு குதிரைகூடக் காய்ச்சலுக்குத் தப்பவில்லை.

முத்து பிழைப்பான். இந்தக் காய்ச்சலில் குதிரை சாவது குறைவு. அவசரப்பட்டு வண்டியில் பூட்டினால்தான் ஆபத்து. காய்ச்சல் எத்தனை நாள் அடித்ததோ அத்தனை வாரம் ஓய்வு வேண்டும் என்கிறார் எங்கள் டாக்டர். இருமல் நின்றதும் சரியாகிவிட்டது போலத் தெரியும். நம்பாதீர்கள், நெஞ்சு ஆறியிருக்காது. காற்றாடக் கட்டுங்கள். தூசி பறக்காமல் புல்லில் தண்ணீர் தெளித்துப் போடுங்கள். மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டுங்கள்.

நான் சொன்னால் உங்களுக்கு ஏறாது. அக்கா சொன்னதாக வைத்துக்கொள்ளுங்கள்.

துரைராசு

நன்னிலம்
14.4.1987

மச்சான் துரைராசுவுக்கு,

இருமல் நின்றதென்று எங்கள் ஸ்டாண்டு தியாகராசன் தன் குதிரையைக் கல்யாண சவாரிக்குப் பூட்டினான். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போது முன்னங்கால் மடிந்து விழுந்தது. எழுந்திருக்கவே இல்லை. அவன் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததைப் பார்க்க முடியவில்லை மச்சான்.

அன்று சாயங்காலமே சங்கத்தைக் கூட்டி, டாக்டர் சொல்லும்வரை ஒரு வண்டியும் பூட்டக் கூடாது என்றேன்.

“யாரை எதுத்துண்ணே இந்த ஸ்ட்ரைக்கு?” என்று கேட்டான் சிங்காரவேலு.

“யாரயும் எதுத்து இல்லப்பா. குதிரைக்காவ உக்காந்திருப்போம்” என்றேன். முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு பக்கம் பருத்தி எடுக்கவும் செங்கல் சூளைக்கும் போனோம். உன் அக்கா எனக்கும் சேர்த்துச் சம்பாதித்தாள். அதைத் தினமும் சொல்லியும் காட்டினாள்.

நேற்று டாக்டர் முத்துவின் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது, மெல்லப் பழக்கு என்றார். ஸ்டாண்டில் வேறெந்தக் குதிரைக்கும் ஆபத்தில்லை. முத்து என் சட்டைப் பையைக் கடித்து வெல்லம் தேடினான். அழுதுவிட்டேன். உன் அக்காவுக்குத் தெரிய வேண்டாம்.

அன்றைக்கு நீ பண்ணை லாயத்தில் நின்றது எனக்கு இன்றைக்கும் சம்மதமில்லை. ஆனால் உன்னைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது.

அரசப்பன்

கிண்டி
4.5.1987

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் அழுததை அக்கா எனக்கு ஏற்கெனவே எழுதிவிட்டாள். வாசல்படியில் நின்று பார்த்தாளாம்.

எங்கள் கேட்டைத் திறந்துவிட்டார்கள். குதிரைகள் மறுபடி ஓடுகின்றன. அதிகாலையில் குளம்புச் சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் போய் நின்றோம். பத்து நாள் லீவு கிடைத்திருக்கிறது. வரும் பதினாறாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் கும்பகோணம் பஸ்ஸில் வந்து இறங்குவேன்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். பஸ் ஸ்டாண்டுக்கு முத்துவைக் கொண்டுவர வேண்டாம். குளித்து, புதுத் துணி உடுத்தித்தான் வருவேன். லாயத்துச் செருப்பைக்கூட எடுக்கமாட்டேன். இருந்தாலும் நோய் புகுந்த இடத்திலிருந்து வருகிறவன். இப்போதுதான் தேறிய முத்து பக்கம் நான் போகாமலிருப்பதே நல்லது. உங்களுக்கு மனசு ஒப்பவில்லை என்றால், பஸ் ஸ்டாண்டிலேயே ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

துரைராசு

நன்னிலம்
8.5.1987

அன்புள்ள மச்சானுக்கு,

டீயாவது மண்ணாவது. உன் அக்கா இப்போதே வீட்டைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள்.

நீ சொன்னபடியே முத்துவைக் கொட்டகையில் கட்டிவிட்டு சைக்கிளில் வருகிறேன். கேரியரில் உட்கார்ந்துகொள். மேட்டில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், எனக்கும் வயதாகிவிட்டது. இருக்கிற நாள் பூராவும் நீ முத்துவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் போதும்.

மனுசனுக்கு இந்தக் காய்ச்சல் தொற்றுமா என்று டாக்டரிடம் கேட்டேன். பயப்படாதே என்றார். அதனால் நான் உன்னைக் கட்டிப்பிடிப்பேன். பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் பார்ப்பார்களே என்று நெளியாதே.

உன் மாமா
அரசப்பன்